உஷார்! உங்கள் வீட்டை வேறொருவர் லீசுக்கு விட்டிருக்கலாம்

சென்னைப் புறநகரில் ஒரு மாடி போர்ஷன். ஓனர் இருப்பது வெளியூரில். மாத வாடகை 15,000 ரூபாய், 5ஆம் தேதிக்குள் தவறாமல் கணக்கில் ஏறிவிடும். ஏழாம் மாதம் ஏறவில்லை, எட்டாம் மாதமும் இல்லை. போன் போட்டால் சுவிட்ச் ஆஃப். பதறியடித்துக்கொண்டு பஸ் ஏறி வந்து கதவைத் தட்டினால், முன்பின் பார்த்திராத ஒரு அம்மா திறக்கிறார். "வாடகையா? நாங்க ஆறு லட்சம் கொடுத்து லீசுக்கு வந்திருக்கோம் சார்!"

சென்னையிலும் பெங்களூரிலும் இந்தக் காட்சி திரும்பத் திரும்ப நடக்கிறது. ஒன்றிரண்டு வீட்டை வாடகைக்கு விட்டு, அதில் வயதான காலத்தை ஓட்டுகிறவர்கள் தயவுசெய்து இதைக் கவனமாகப் படியுங்கள்.

ஒரு புரோக்கரோ, 'வீட்டுப் பராமரிப்பு கம்பெனி' என்று போர்டு மாட்டியவரோ உங்களிடம் வருவார். "நீங்க அலையவே வேண்டாம். ஆள் பிடிப்பது, வாடகை வசூல், ரிப்பேர் எல்லாம் எங்க பொறுப்பு" என்பார். மூன்று மாத அட்வான்ஸாக 45,000 கொடுத்துச் சாவியை வாங்கிக்கொள்வார். அதே வீட்டை ஒரு குடும்பத்திடம், மாத வாடகை கிடையாது என்று சொல்லி 6 லட்சத்துக்கு லீசுக்கு விடுவார். உங்களுக்கு ஆறு மாத வாடகை கட்ட 90,000. அட்வான்ஸையும் கழித்தால் 4,65,000 ரூபாய் அவர் கையில் நிற்கும். இப்படிப் பல வீடுகளில் சேர்ந்ததும் ஆள் காணாமல் போய்விடுவார். நகையை அடகு வைத்துப் பணம் கட்டிய குடும்பமும் நீங்களும் ஒருவரையொருவர் திருடனாகப் பார்த்தபடி வாசலில் நிற்பீர்கள்.

ஆறு மாதம் ஒழுங்காக வரும் வாடகைதான் இதில் தூண்டில். பணம் வந்துகொண்டிருக்கும்வரை வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று போய்ப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. ஆகவே வாடகை சரியாக வந்தாலும், குடி வந்த முதல் வாரத்திலேயே நேரில் போங்கள். போக முடியாவிட்டால் நம்பிக்கையான உறவினரை அனுப்புங்கள். "நீங்க யாரிடம், எவ்வளவு கொடுத்தீங்க?" என்று குடியிருப்பவரிடமே கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கே பாதி மோசடி வெளியே வந்துவிடும். வாடகை நேராகக் குடியிருப்பவர் கணக்கிலிருந்துதான் உங்களுக்கு வர வேண்டும்.

கையெழுத்து விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். ஒப்பந்தத்தில் 'பிறருக்கு உள்வாடகைக்கோ லீசுக்கோ விடலாம்' என்று ஒரு வரி எங்காவது ஒளிந்திருக்கும், தேடி அடியுங்கள். வெற்று முத்திரைத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். புரோக்கருக்குப் பவர் பத்திரம் எழுதிக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டால், அந்த அதிகாரத்துக்குள் அவர் செய்வது நீங்களே செய்தது போலத்தான்.

'11 மாத ஒப்பந்தம்தானே, பதிவெல்லாம் எதற்கு' என்ற பேச்சு நம் ஊரில் இன்னும் ஓயவில்லை. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் புதிய வாடகைச் சட்டத்தில் 11 மாதமானாலும் எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும், ஆன்லைனிலேயே செய்யலாம். உங்கள் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விடக்கூடாது என்றும், மீறினால் அதைக் காட்டியே காலி செய்யக் கேட்கலாம் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. அப்படிப்பட்ட சட்டம் கையில் இருந்தும் சாதாரணத் தாளில் எழுதி பீரோவில் வைத்துவிடுகிறோமே, அதுதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டீர்களா? ஆத்திரத்தில் கரண்டையோ தண்ணீரையோ நிறுத்திவிடாதீர்கள். சட்டப்படி அது உங்கள் தவறாகிவிடும். சாமான்களை வெளியே தூக்கிப் போடுவதும் வேண்டாம். அந்தக் குடும்பமும் உங்களைப் போலவே ஏமாந்ததுதான். அவர்கள் கையில் இருக்கும் லீசு பத்திரத்தையும் பணம் அனுப்பிய ரசீதையும் நகல் எடுங்கள். உங்கள் ஒப்பந்தம், வாடகை வந்த வங்கிக் கணக்கு விவரம், ஏமாற்றிய ஆளின் போன் நம்பர் எல்லாவற்றையும் அதோடு சேர்த்து, இரண்டு தரப்பும் ஒன்றாகவே காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் கொடுங்கள். அதே ஆளிடம் சாவி கொடுத்த வேறு ஓனர்கள் அக்கம்பக்கத்தில் இருக்கிறார்களா என்று அன்றைக்கே விசாரித்து அவர்களையும் கூட்டிக்கொள்ளுங்கள்.