குதிரையை நேசிக்கும் குழந்தை

குழந்தைகளின் ஆசைகள் பெரும்பாலும் நாளுக்கொன்றாய் மாறுவன. எனினும், கடற்கரையில் ஒரு மாலை சவாரி செய்ததாலோ, அந்தியூர் குருநாதசுவாமி கோயிலின் ஆடித் திருவிழாச் சந்தையில் கத்தியவார், மார்வாரிக் குதிரைகளைத் தந்தையின் தோளில் அமர்ந்து கண்டதாலோ குதிரையின்மேல் மனம் வைத்துவிட்ட குழந்தை, வரைந்தால் குதிரை, விளையாடினால் குதிரை, கதை கேட்டாலும் குதிரைக் கதை என்று வருஷக்கணக்கில் அதே நினைவாக இருப்பதுண்டு. இதைப் பைத்தியமென்று அதட்டி அடக்குவதும் தவறு. அழுகையை நிறுத்துவதற்காகக் குதிரை வாங்கித் தருவதாய் வாக்களித்து ஏமாற்றுவதும் தவறு. அந்தப் பிரியத்தை அறிவாகவும், அறிவைப் பொறுப்பாகவும் வளர்ப்பதே பெற்றோர் செய்யத்தக்க காரியம்.

குழந்தைக்கு முதலில் விளங்க வேண்டியது குதிரையின் சுபாவம். துஷ்ட மிருகங்களிடமிருந்து ஓடித் தப்பியே பிழைத்த ஜாதி அது. தலையின் இரு பக்கங்களிலும் கண்கள் அமைந்திருப்பதால் ஏறக்குறையச் சுற்றிலும் பார்க்க வல்லதாயினும், தன் முதுகுக்கு நேர் பின்னாலும் நெற்றிக்கு நேர் முன்னாலும் இருப்பது அதற்குத் தெரிவதில்லை. ஆகையால், பின்புறமாய்ச் சந்தடியின்றி நெருங்குகிறவரை அது உதைப்பது அச்சத்தினாலேயன்றிக் குரூரத்தினால் அன்று. குரல் கொடுத்துக்கொண்டே பக்கவாட்டில் தோளருகே மெல்ல அணுகுவதும், தீனியை விரல்கள் மடங்காத உள்ளங்கையில் வைத்து நீட்டுவதும், காதுகளைப் பின்னுக்கு ஒட்ட மடித்துக்கொண்டால் கோபமென்று அறிந்து விலகுவதும், பிடித்திருக்கும் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதிருப்பதும் அக்குழந்தைக்குப் பழக்கமாக வேண்டும்.

சவாரி பழகுவதாயின், பொறுமையுள்ள ஆசிரியரும் சாதுவான மட்டக் குதிரையும் அமைவது அவசியம். அளவாய்ப் பொருந்தும் தலைக்கவசமின்றி ஒரு நிமிஷமும் ஏற்றலாகாது. அங்கவடிக்குள் பாதம் நழுவிச் சிக்கிக்கொள்ளாதபடி சிறிது குதியுயர்ந்த பாதரட்சை வேண்டும். ஒருமுறை விழுந்து பயந்த குழந்தையை மறுபடி ஏறும்படி வற்புறுத்தாமல், அச்சம் தெளியும்வரை குதிரையின் அருகே நின்று பழகவிடுவது விவேகம்.

சவாரியைக் காட்டிலும் குழந்தையைப் பண்படுத்துவது லாயத்து வேலையே. சுமார் 400 கிலோ எடையுள்ள குதிரைக்குப் புல்லும் வைக்கோலும் தானியமுமாக நாளொன்றுக்கு 8 கிலோ உலர்தீவனமும், 25 லிட்டர் அளவோ அதற்கு மேலோ தண்ணீரும் வேண்டியிருக்கும். அதற்கு வாந்தியெடுக்கும் சக்தி இல்லாமையால், ஒவ்வாத தீனியால் உண்டாகும் வயிற்றுவலி உயிருக்கே அபாயமாவதுண்டு. 6 முதல் 8 வாரங்களுக்கு ஒருமுறை குளம்பைச் சீவி லாடத்தைப் புதுப்பிக்க வேண்டும். ஆயுளோ 25 வருஷங்களுக்கு மேலும் நீளக்கூடும். இவ்வளவையும் கண்ணால் கண்டு, பெரியவர்களின் பார்வையில் லத்தி அள்ளவும், தண்ணீர்த் தொட்டியை நிரப்பவும், பிடரிமயிரைச் சீவிவிடவும் பழகிய குழந்தைக்கு, ஒரு ஜீவனைச் சொந்தமாக்கிக்கொள்வது எத்தகைய கடமையென்பது தானே விளங்கிவிடும். வீட்டில் குதிரை இல்லையே என்ற ஏக்கமும் தணியும்.

குதிரையின்மேல் கொண்ட அன்பு எவ்வளவு பெரிய பயனைத் தரக்கூடும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. இங்கிலாந்தில் 1820ஆம் ஆண்டு பிறந்த ஆன்னா சூவெல் என்ற அம்மையார், 14 வயதில் கால் இடறி விழுந்து கணுக்கால்கள் பழுதுற்று, அதன்பின் வெளியே செல்வதற்கெல்லாம் குதிரை வண்டியையே நம்பி வாழ்ந்தவர். வாயில்லாப் பிராணிகளிடத்தில் இரக்கம் காட்டும்படி தம்மை வளர்த்த தாயாரின் துணைகொண்டே, எழுந்து நடமாட இயலாத கடைசி ஆண்டுகளில், ஒரு குதிரையே தன் வரலாற்றைச் சொல்லுவதுபோல் ‘பிளாக் பியூட்டி’ என்னும் நவீனத்தை அவர் எழுதினார். மகள் சிறு தாள்களில் எழுதியதையும் வாயால் சொன்னதையும் தாயார் பிரதியெடுத்தார். 1877இல் வெளிவந்த அந்நூல், வண்டிக் குதிரைகளின் தலையை அழகுக்காக நிமிர்த்திக் கட்டிவைத்து வதைத்த வார்ப்பட்டைக்கு எதிராக ஜனங்களின் மனத்தைத் திருப்பியது. அடுத்த ஆண்டே அவர் காலமானார்.

எல்லாக் குழந்தைகளும் நூலாசிரியர்களாக வேண்டியதில்லை. குதிரை வீரர்களாகவும் வேண்டியதில்லை. தன்னைவிட வலிமையுள்ள ஒரு பிராணியிடத்தில் அச்சமும் அதிகாரமும் இன்றி அன்போடு நடந்துகொள்ளப் பழகிய குழந்தை, தன்னைவிட எளியவரிடத்திலும் அவ்வாறே நடந்துகொள்ளும். ஆகவே பெற்றோர்களே, உங்கள் குழந்தை குதிரை கேட்டால் சினவாதீர்கள். நல்லதொரு லாயத்துக்கு அழைத்துச் சென்று, முதலில் அங்குள்ள குதிரைக்குத் தண்ணீர் காட்டச் சொல்லுங்கள்.