பாம்பு வேஷம் போடும் மீன்!

பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டுமாம் விலாங்கு. இது பழமொழி. ஆனால், தலை முதல் வால் வரை பாம்பாகவே வேஷம் போடும் விலாங்கு ஒன்று உண்மையிலேயே கடலில் இருக்கிறது!

செங்கடலில் இருந்து பசிபிக் தீவுகள் வரை, பவளப் பாறைகளை ஒட்டிய மணல் தரையில் இது வசிக்கிறது. நீளம் 3 அடி வரை இருக்கும். வெள்ளை உடம்பு. அதில் வளையல் அடுக்கியது போல் கறுப்புப் பட்டைகள். பார்த்தால், வரிக் கடல் பாம்பு என்றுதான் நினைக்கத் தோன்றும்.

எமன் வேஷம்

அந்தப் பாம்பின் விஷம் மகா கொடியது. பெரிய மீன்களும் அதைக் கண்டால் ஒதுங்கிப் போகும். இந்த விலாங்கோ பரம சாது. விஷம் கிடையாது. உடம்பில் செதில் கூடக் கிடையாது. மணலுக்குள் புதைந்து கிடக்கும். பசித்தால் வெளியே வந்து, சந்து பொந்துகளில் மூக்கை நுழைத்து சிறு மீன்களையும் நண்டுகளையும் தேடும். அப்படி வெளியே வரும்போது அதன் உயிரைக் காப்பாற்றுவது இந்த வேஷம்தான் என்கிறார்கள் விஞ்ஞானிகள்.

இதில் ஒரு வேடிக்கை. வரிக் கடல் பாம்பு விரும்பித் தின்பது எதை தெரியுமா? விலாங்கு மீன்களைத்தான்! தன் இனத்துக்கே எமனாக இருப்பவன் சட்டையை மாட்டிக்கொண்டு திரிகிறது இந்த ஆசாமி.

இப்படிச் சாதுப் பிராணிகள் பொல்லாத பிராணிகளைப் போல் தோன்றித் தப்புவதை 1862-ம் ஆண்டில் விளக்கியவர் பேட்ஸ் என்ற ஆங்கிலேயர். அமேசான் காட்டு வண்ணத்துப்பூச்சிகளைப் பார்த்து அவர் இதைக் கண்டுபிடித்தார்.

வாலைப் பாருங்கள்

கடலில் மூழ்குகிறவர்கள் இரண்டையும் எப்படிப் பிரித்து அறிவது? வாலைப் பார்க்க வேண்டும். பாம்பின் வால் துடுப்பு போல் தட்டையாக இருக்கும். விலாங்கின் வால் கூராக இருக்கும். பாம்பு மூச்சு விட மேலே வந்தாக வேண்டும். மீனுக்குச் செவுள் உண்டு, அது வராது. சந்தேகம் வந்தால் தொடாமல் விலகிப் போவதே மேல். வரிக் கடல் பாம்பு லேசில் கடிக்காது. கடித்தால் உயிருக்கே ஆபத்து!

பாம்பு இல்லாத கடல்

செங்கடலில் கடல் பாம்புகளே இல்லை. அந்தக் கடலிலும் இந்த விலாங்கு இருக்கிறது. விலாங்குக் குஞ்சுகள் கண்ணாடி நாடா போல் இருக்கும். நீரோட்டத்தில் மிதந்து வெகு தூரம் போய்விடும். செங்கடலில் எந்தப் பாம்பைப் பார்த்து வேஷம் போடுகிறது? அசல் இல்லாத ஊரிலும் நகல் மட்டும் கறுப்பு வளையங்களுடன் நெளிந்து திரிகிறது.