குதிக்கால் நோவும் ஊசி வைத்தியமும்

காலையில் எழுந்து முதலடி வைத்ததும் முள் தைத்தாற்போலக் குதிக்காலில் நோவெடுப்பது பலர் அறிந்த துன்பம். குதியெலும்பிலிருந்து விரல்களின் அடிவரை செல்லும் தடித்த இழைப்பட்டை நைந்துபோவதே பெரும்பாலும் இதற்குக் காரணமாகும். நெடுநேரம் நின்று தொழில் புரிவோரை இது மிகுதியாய் வருத்தும்.

சீனர் ஈராயிரம் ஆண்டுகளாகக் கையாண்டுவரும் அக்குபங்சர் முறையில், இந்நோவுக்குக் காலில் மட்டுமன்றிக் கையிலும் ஊசி ஏற்றுவர். மணிக்கட்டின் உட்புற மடிப்பின் நடுவேயுள்ள 'தாலிங்' என்னும் புள்ளி அத்தகையது. ஹொங்கொங் ஆய்வாளர் 53 நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்குத் தாலிங்கிலும், மற்றவர்க்குப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட புள்ளியிலும் இரண்டு வாரம் ஊசி ஏற்றினர். 2011இல் வெளிவந்த அவ்வாய்வின்படி, ஒரு மாதத்தின் பின் முதற்பிரிவினரின் காலைநோவே கூடுதலாகத் தணிந்திருந்தது.

எனினும், சிறிய ஆய்வொன்று முடிந்த முடிபாகாது. கெண்டைக்காலையும் உள்ளங்காலையும் நீட்டி மடக்கும் பயிற்சி, மெத்தென்ற பாதணி, ஓய்வு ஆகியவற்றாலேயே பலர்க்கு நோவு சில மாதங்களில் நீங்கிவிடும். ஊசியை நாடுவோர் முறையாகப் பயின்ற வைத்தியரையே அணுகுதல் வேண்டும். ஊசியும் கிருமியற்றதாய், ஒருமுறை மட்டும் பயன்படுவதாய் இருத்தல் வேண்டும். நீரிழிவினாற் பாதம் மரத்தவர்கள் தம் மருத்துவரைக் கேளாது பாதத்தில் ஊசி ஏற்றலாகாது. நோவு தீர்க்க வந்த ஊசி புண்ணாய் முடிதல் கூடாதன்றோ?