நாற்றங்காலும் தொட்டிலும்

நெற்பயிரின் விளைவு பெரும்பாலும் நாற்றங்காலிலேயே நிர்ணயமாகிறதென்பதை நமது விவசாயிகளுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நாற்று மெலிந்துபோயின், நட்ட பின்னர் எவ்வளவு எரு இடினும் அக்குறை முற்றிலும் நீங்காது. குழந்தையின் விஷயமும் அவ்வாறே. கருவுற்ற நாள் தொட்டு இரண்டு வயது நிறையும் வரையிலுள்ள ஏறக்குறைய 1,000 நாட்களே உடலும் மூளையும் துரிதமாய் விருத்தியடையும் பருவமாகும். அப்பொழுது நேரும் குறைவைப் பின்னர் ஈடுசெய்தல் மிகக் கடினம்.

கன்றுக்குச் சீம்பால் ஊட்டுவதன் நன்மையை நாம் அறிவோம். ஆயினும் சில வீடுகளில் தாயின் சீம்பாலைப் பீய்ச்சி எறிந்துவிட்டு, சிசுவின் நாவில் சர்க்கரைத் தண்ணீரும் தேனும் தடவும் வழக்கம் இன்னும் ஒழிந்தபாடில்லை. இது தவறு. பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் ஊட்டத் தொடங்குதல் வேண்டும். ஆறு மாதம் நிறையும் வரை அதுவே போதும், தண்ணீரும் தேவையில்லை. ஒரு வயதிற்கு முன் தேன் கொடுத்தலாகாது. அதில் சில சமயம் காணப்படும் கிருமி வித்துக்கள் சிசுவுக்குக் கொடிய நோயை விளைவிக்கக்கூடும்.

ஆறு மாதத்திற்குப்பின், தாய்ப்பாலை நிறுத்தாமல் வேறு ஆகாரமும் தருதல் அவசியம். இங்குதான் அநேகர் தவறுகின்றனர். வடித்த கஞ்சியையும் நீர்த்த கூழையும் ஊட்டினால், சிறு வயிறு நிரம்புமேயன்றிச் சத்துச் சேராது. கரண்டியைச் சாய்த்தால் உடனே வழிந்தோடாத பதமே தக்கது. எட்டு மாதம் வரை நாளொன்றுக்கு இரண்டு மூன்று வேளையும், அதன்பின் மூன்று நான்கு வேளையும் ஊட்டலாம்.

இதற்குக் கடைச் சரக்கை நாடவேண்டுவதில்லை. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் அது மிகச் சொற்பம். மூன்று பங்கு கேழ்வரகும் ஒரு பங்கு பாசிப்பயறும் தனித்தனியே ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தி, இலேசாக வறுத்து அரைத்து வைத்துக்கொள்க. முளைகட்டிய மாவை அதிகமாகச் சேர்த்துக் காய்ச்சினும் பசைபோல் இறுகாது. குழந்தை எளிதில் விழுங்கும். தானியத்தின் புரதத்திலுள்ள குறையைப் பயறு நிறைவு செய்கிறது. நன்கு கொதித்த கூழில் ஒரு சிறு கரண்டி நெய்யோ எண்ணெயோ சேர்த்தல் நலம். இரும்புச் சத்திற்கு முட்டை, மீன், ஈரல் ஆகியவற்றையும், ஏ வைட்டமினுக்கு முருங்கைக் கீரை, பப்பாளி, மாம்பழம் ஆகியவற்றையும் மசித்துக் கொடுக்கலாம்.

நிலமுடையோர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். நடவு, களையெடுப்பு, அறுவடை நாட்களில் வேலைக்கு வரும் பெண்களின் கைக்குழந்தைகள் பகல் முழுதும் கஞ்சித் தண்ணீருடன் வீட்டில் விடப்படுகின்றன. வயலருகே தொட்டில் கட்ட நிழலும், கூலியைக் குறைக்காமல் பாலூட்ட இருமுறை ஓய்வும் அளித்தால் செலவு அற்பம். பயனோ ஓர் உயிரின் வளர்ச்சி.

கிராம அதிகாரிகள், 1975-ஆம் ஆண்டில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடியில் ஒவ்வொரு குழந்தையும் மாதந்தோறும் நிறுக்கப்படுகிறதா எனப் பார்த்தல் வேண்டும். எடை ஏறாது நின்ற குழந்தையைத் தாமதமின்றிச் சுகாதாரச் செவிலியரிடம் காட்டச் செய்க.

கிணற்றடி நீர் பாயுமிடத்தில் இரண்டு முருங்கை, இரண்டு பப்பாளி, ஒரு கீரைப் பாத்தி. களத்தில் விற்காது நிறுத்திய ஒரு மூட்டை கேழ்வரகு. இவ்வளவே முதலீடு. விதைநெல்லை விற்காத உழவர், குழந்தையின் பங்கையும் விற்கலாகாது.