மேகத்துக்கு விதை தூவும் கடல்

கடற்கரையில் 'உப்பு வாசம்' என்கிறோமே, உப்புக்கு வாசமே கிடையாது. டைமெத்தில் சல்ஃபைடு என்ற வாயுவுக்கு அந்த மணத்தில் பங்குண்டு. பிளாங்டன் எனும் நுண்ணிய மிதவை உயிர்களிடமிருந்து அது வருகிறது என்று படித்தபோது வியந்தேன். துருவப் பகுதியில் அது செய்யும் வேலை இன்னும் வியப்பானது.

அண்டார்க்டிகாவின் கோடையில் பிளாங்டன் பெருகும். அவை மடியும்போதும், இறால் போன்ற கிரில்கள் அவற்றைத் தின்னும்போதும் இந்த வாயு வெளியேறும். காற்றில் அது கந்தக அமிலமாக மாறி, நுண்துகள்களாகத் திரளும். துகள் வளர்ந்ததும் நீராவி அதன்மேல் படிந்து மேகத்துளி பிறக்கும்.

நம் நகரக் காற்றில் வாகனப் புகையும் தூசும் ஏராளம். சில துகள்கள் கூடினாலும் வித்தியாசம் தெரியாது. துருவக் காற்றோ தூய்மையானது. அங்கே கொஞ்சம் கூடினாலும் மேகத்தில் துளிகள் பெருகும். மேகம் வெளுத்து வெயிலைத் திருப்பி அனுப்பும்.

அப்படியானால் பூமியின் சூட்டைப் பிளாங்டனே தணித்துவிடுமா? இந்த உயிர்கள் மேகங்கள் வழியே பருவநிலையைச் சீராக்கலாம் என்று 1987இல் ஜேம்ஸ் லவ்லாக் உள்ளிட்ட நால்வர் எழுதினர். விஷயம் அத்தனை எளிதல்ல என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. இருண்ட கடலுக்குக் குடையாகும் மேகம், வெண்பனிக்கு மேலே போர்வையாகி வெப்பத்தைப் பிடித்துவைக்கவும் கூடும்.

நாம் கூட்டிய சூட்டை ஆற்றும் பொறுப்பை அந்தச் சின்ன உயிர்களின் தலையில் கட்டிவிட முடியாது.