உலோகமும் நெகிழியும் உராயுமிடம்: கணினி மாதிரி காண்பதும் காணாததும்

செயற்கை இடுப்பு மூட்டினை நிலைபெறச் செய்தவர், இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனை அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி. உராய்வு மிகக் குறைந்த பொருளைத் தேடிய அவர், மூட்டின் கிண்ணத்தை முதலில் டெஃப்லானால் அமைத்தார். உராய்வு குறைந்தது, கிண்ணமோ சில ஆண்டுகளிலேயே தேய்ந்தழிந்தது. 1962இல் அவர் பாலிஎத்திலீனுக்கு மாறினார். அதன் உராய்வு டெஃப்லானைவிட மிகுதி. தேய்மானமோ மிகக் குறைவு. உராய்வு, தேய்மானம் என்று தமிழ் இரு சொற்களை வைத்திருக்கிறது. மாணவர் அவற்றை ஒன்றெனக் கொள்ளலாகாது.

இத்தகைய மூட்டின் நடத்தையை இன்று கணினியில் முன்கூட்டியே கணிக்க முயல்கின்றனர். இரு பொருள்களையும் சிறு கூறுகளாகப் பகுத்து, ஒவ்வொன்றின் உருமாற்றத்தையும் சமன்பாடுகளால் காண்பதே முறை. இடர்ப்பாடு தொடுமிடத்தில் எழுகிறது. எப்பகுதி தொடுகிறது, எப்பகுதி ஒட்டிநிற்கிறது, எப்பகுதி வழுக்குகிறது என்பது முன்னரே தெரியாது. பக்கவாட்டு விசை, அழுத்த விசையை உராய்வுக் கெழுவால் பெருக்கிய அளவை எட்டாதவரை ஒட்டுதல், எட்டின் வழுக்கல். ஆகவே கணினி ஒரு நிலையை ஊகிக்கிறது, தீர்க்கிறது, சரிபார்க்கிறது, பிழையெனின் மீண்டும் தொடங்குகிறது.

பொருள்கள் வேறுபடும்போது சிக்கல் மிகும். கோபால்ட்-குரோமியக் கலவையின் விறைப்பு, பாலிஎத்திலீனைப்போல் ஏறத்தாழ 200 மடங்கு. நேராக அழுத்தினாலும் மென்பொருளே பக்கவாட்டில் மிகுதியாக விரிய முயல்வதால், தள்ளுவார் இன்றியே விளிம்பில் நுண்வழுக்கல் தோன்றும். ஒரே பொருளாலான, வடிவொத்த இரு உருளைகளை அழுத்தினால் இது நேராது.

ஒன்றினுள் ஒன்று புகாதிருக்க, தொடுமிடத்தில் கற்பனை வில்சுருள்களை அமைப்பது எளிய வழி. சுருள் தளர்ந்திருப்பின் உலோக உருண்டை கிண்ணத்தினுள் புதைந்துவிடும். அளவுமீறி விறைத்திருப்பின் சமன்பாடுகள் நிலைகுலைந்து, சிறு பிழையும் பெருகும். அவ்விறைப்பை மென்பொருளின் விறைப்பைக் கொண்டு அளவிடுதலே பெரும்பாலும் பொருத்தமானது. மென்மையான பக்கத்தை நுண்ணிய கூறுகளாகப் பகுத்தலும் வேண்டும்.

தேய்மானத்திற்கு 1953இல் ஆர்ச்சர்ட் வெளியிட்ட விதி பயன்படுகிறது: தேயும் பருமன், சுமையையும் வழுக்கிய தொலைவையும் பெருக்கியதற்கு நேர்விகிதத்தில் அமையும். அவ்விகிதக் கெழுவை ஆய்வுக்கூடத்தில் அளந்துதான் பெறவேண்டும். உராய்வுக் கெழுவிலிருந்து அதனைக் கணிக்கவியலாது. உதிரும் பாலிஎத்திலீன் துகள்கள் உடலின் எதிர்வினையைத் தூண்டி, சுற்றியுள்ள எலும்பைக் கரைத்து மூட்டைத் தளர்த்தக்கூடும் என்பதால், இக்கெழு நோயாளிக்கு வெறும் எண் அன்று.

நடக்கும்போது மூட்டில் வழுக்கலின் திசை ஓயாது மாறுகிறது; பாலிஎத்திலீன் அத்தகைய குறுக்கு உராய்வில் விரைந்து தேயும். நேர்க்கோட்டில் முன்பின்னாக மட்டுமே தேய்க்கும் கருவியில் அளந்த கெழுவை இட்டால், கணினி எத்துணைத் துல்லியமாகக் கணக்கிட்டாலும் உண்மையினும் குறைந்த தேய்மானத்தையே காட்டும்.