கையெழுத்துப் பாணி எழுத்துருவில் நெகிழ்வும் வரம்பும்: ‘பீர்க்கன்கரணை’ என்னும் ஊர்ப்பெயரை முன்வைத்து

திறவுச்சொற்கள்: எழுத்துரு, கையெழுத்து, சுழி, எழுத்துச் சீர்திருத்தம், ஒருங்குறி

தாம்பரத்திற்குத் தெற்கே ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி அமைந்துள்ள பீர்க்கன்கரணை, 2021இல் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது அதனுடன் இணைக்கப்பட்ட பேரூராட்சிகளுள் ஒன்றாகும். எட்டு எழுத்துகளாலான இவ்வூர்ப்பெயர், கையெழுத்துப் பாணித் தமிழ் எழுத்துருக்களைச் சோதித்தறிய மிகவும் ஏற்றது.

கையெழுத்தின் அழகு நெகிழ்வில் உள்ளது. கோடு சாயும், சுழி குறுகும், புள்ளி இடம் பெயரும். ஆயின் தமிழில் இந்நெகிழ்விற்கு வரம்புண்டு. ரகரத்தின் அடிக்கோடு தேய்ந்தால் அது காலாகிவிடும். அப்போது ‘கரணை’ என்பது ‘காணை’ எனப் படிக்கப்படும். விழுப்புரம் மாவட்டத்தில் காணை என்றே ஓர் ஊர் இருப்பதால் இது வெறும் கற்பனை இடர் அன்று. ஓலைச்சுவடிகளில் ரகரமும் காலும் ஒத்த வடிவில் எழுதப்பட்டன; மெய்யெழுத்துகள் பெரும்பாலும் புள்ளி பெறவில்லை. இதனால் பதிப்பாசிரியர்கள் எதிர்கொண்ட இடர்ப்பாட்டை எழுத்துரு மீண்டும் உருவாக்கலாகாது. மூன்றுசுழி ணகரம் ஒரு சுழியை இழப்பினும் சொல் திரியும்.

ஊர்ப்பெயரின் இறுதியில் நிற்கும் ‘ணை’ வேறொரு வினாவை எழுப்புகிறது. பெரியார் 1935 முதல் ‘குடி அரசு’ இதழில் கையாண்ட சீர்திருத்த வடிவங்களுள் ஒரு பகுதியை 1978இல் தமிழ்நாட்டரசு ஏற்றது. ணா, றா, னா, ணை, லை முதலிய 13 எழுத்துகள் மாறின. அதற்குமுன் ‘ணை’ யானைத் துதிக்கை போல் மேலெழுந்து வளையும் ஒற்றை உருவாக இருந்தது. அச்சு மாறிய பின்னரும், முன்னர்ப் பள்ளியில் பயின்றோரின் கை பழைய வடிவையே எழுதிவந்தது. எனவே, சீர்திருத்த வடிவங்களை மட்டும் கொண்ட எழுத்துரு ஒரு தலைமுறையின் கையெழுத்தை விட்டுவிடுகிறது. தொழில்நுட்பம் இதற்குத் தடையன்று. ஒருங்குறியில் ணகரமும் ஐகாரக் குறியும் அடுத்தடுத்துப் பதிவாகின்றன. அவை எவ்வடிவில் தோன்ற வேண்டுமென்பதை எழுத்துருவே முடிவு செய்கிறது. ஓப்பன்டைப் வசதியால் பழைய கூட்டுருவை மாற்றுருவாகச் சேர்க்கலாம். பதிவான பாடமோ தேடலோ பாதிக்கப்படாது. ஒரே எழுத்து அடுத்தடுத்து வருமிடத்துச் சிறிது வேறுபட்ட உருக்களைத் தருவதற்கும் இவ்வசதியே பயன்படும். இவ்வூர்ப்பெயரின் ‘க்க’வில் இரு ககரங்களும் அச்சொத்து நின்றால் கையெழுத்து என்னும் தோற்றம் அங்கேயே கலைந்துவிடும்.

இலங்கை வடிவமைப்பாளர் தாரிக் அஸீஸ் உருவாக்கிய ‘கவிவனார்’, கையெழுத்தின் சாய்வைத் தமிழுக்கும் இலத்தீனுக்கும் ஒருசேர அமைத்த எழுத்துரு. கூகுள் எழுத்துருத் தொகுப்பில் கட்டற்ற உரிமத்துடன் கிடைக்கிறது. இவ்வகை எழுத்துருக்கள் அழைப்பிதழ், நூலட்டை, படக்கதை உரையாடல், கவிதைத் தலைப்பு ஆகியவற்றிற்குப் பொருந்தும். நீண்ட உரைநடையில் சாய்வு கண்ணைக் களைப்பிக்கும். முகவரி, சான்றிதழ், ஊர்ப்பலகை ஆகியவற்றில் இவற்றைத் தவிர்ப்பதே முறை. அங்கு ரகரத்தின் அடிக்கோடு ஐயமின்றித் தெரிதல் வேண்டும்.